காசிம் பாய் கடைப் படிக்கட்டும் ‘தொடாதே’ என்ற சொல்லும்

குணாளன் பொய் சொல்கிறார். உங்கள் முன்னால் நின்று, கையில் மைக் பிடித்துக்கொண்டு, சுவரில் படம் காட்டிப் பொய் சொல்கிறார். அந்தப் படத்தில் உடைந்து கிடக்கிற பச்சைப் படிக்கட்டை எனக்குத் தெரியும். அதற்குக் கீழே கிடந்தவனையும் தெரியும். அவனை வெளியே இழுத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் டைல்ஸ் வேலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பூன் லேயில் குடியிருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டன. தரையில் மண்டியிட்டுப் பிழைத்தவன் எல்லாருக்கும் போகிற மாதிரிதான், அதைப் பற்றிப் புலம்ப ஒன்றும் இல்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். வந்தேன். சீக்கிரமே வந்துவிட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பாதுகாப்புப் பாடம் எடுத்த குணாளன் அந்தப் படத்தைப் போட்டார்.

அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

“இது தேக்காவுல நடந்தது. இந்த ஆள் நம்ம ஆளுதான். மார்னிங் டூல்பாக்ஸ் மீட்டிங்லயே சொன்னேன், ஸ்டேர்கேஸைத் தொடாதேன்னு. கேட்டானா? ஏறுனான். என்ன ஆச்சு? படியும் போச்சு, காலும் போச்சு.”

உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: “சார், அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாதா சார்?”

“தமிழ் நல்லாத் தெரியும். காதுதான் இல்ல.”

சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். நான் எழுந்தேன். “குணா, அவனைக் கீழே கூப்பிட்டது யாரு?” என்று கேட்டேன்.

“அண்ணே! எப்ப வந்தீங்க? உட்காருங்க, உட்காருங்க. உங்க டர்ன் வரும் லா.”

என் முறை வந்தது. அதற்குள் அவர் வேறு சைட்டில் மீட்டிங் என்று கிளம்பிப் போய்விட்டார். இல்லாத ஆளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. காத்தோங் கதை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதுதான் அது. அச்சடித்து உங்களுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கிறார்களா என்று பார்ப்பேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காக முதலில் காத்தோங் கதை. அது தெரிந்தால்தான் தேக்காவில் நடந்தது விளங்கும்.

காத்தோங்கில் ஒரு பழைய வீடு. கூடத்தின் நடுவிலிருந்து மரப் படிக்கட்டு மாடிக்கு ஏறும். தரை டைல்ஸை மாற்ற வேண்டும். பழையதை உடைத்து எடுப்பதை நாம் ஹேக்கிங் என்கிறோம். ஹேக்கிங் என்றால் தூசி, சத்தம், குப்பை அள்ள லாரி, பக்கத்து வீட்டுக்காரரின் திட்டு. அந்த வேலையை எடுத்த காண்ட்ராக்டர் இதெல்லாம் எதற்கு என்றார். “பழசு மேலேயே புதுசை ஒட்டு. யாருக்குத் தெரியப் போகுது?” ஒட்டினோம். தரை ஒரு கட்டைவிரல் அகலம் உயர்ந்தது. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. காண்ட்ராக்டர் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்.

அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. கொஞ்ச நாள் கழித்து எனக்குப் போன் செய்தார். “தம்பி, எறங்கும்போது தரை முன்னாடியே வந்துடுதுப்பா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தரை எப்படி முன்னாடியே வரும்? காண்ட்ராக்டரிடம் சொன்னேன். அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “புது டைல்ஸ் டீச்சர், பழகிடும்” என்றார். பழகவில்லை. ஒரு நாள் அந்த அம்மாவின் கணவர் கடைசிப் படியில் கால் இடறி முகம் அடிபட விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

தரை உயர்ந்தால் அதை ஒட்டிய கீழ்ப்படி மட்டும் குட்டையாகிவிடும். மற்ற படிகள் எல்லாம் ஒரே உயரம், இது ஒன்று மட்டும் வேறு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் பல வருஷமாக ஏறி இறங்கிய காலுக்குத் தெரியும். கால் தன் கணக்கில் இறங்கும், தரை அதன் கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில்தான் ஆள் விழுகிறான். புதுத் தரை முழுவதையும் உடைத்து, பழைய மட்டத்திலேயே மறுபடி போட்டோம். அந்த வேலைக்கு வந்த சீனத் தச்சர் ஒருவர், பெயர் கூட நான் கேட்டு வைக்கவில்லை, படிக்கட்டின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். படி எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கிறேன், சில படிகள் நிற்பதே இல்லை, ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். தகடு உள்ளே போனால் வேலையை நிறுத்து என்றார்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு இருக்கிற இடத்தில் தரையை உயர்த்தாதே, பழையதை எடுத்துவிட்டுப் போடு. ஆனால் எடுப்பதற்கு முன் படி எதன் மேல் நிற்கிறது என்று பார்.

இனி தேக்கா.

காசிம் பாய் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பழைய கடைவீடு. கீழே கடை, மேலே சரக்கு வைக்கும் அறையும் குளியலறையும். மேலே போக அந்தப் பச்சை மரப் படிக்கட்டைத் தவிர வேறு வழி கிடையாது. இதை இன்னொரு தடவை படியுங்கள். வேறு வழி கிடையாது.

கடைத் தரை அங்கங்கே அமுங்கி, டைல்ஸ் வெடித்திருந்தது. முதல் நாள் பாய் எங்களைச் சுற்றிக் காட்டினார். “தரை எல்லாத்தையும் மாத்துங்க. மேல பாத்ரூமையும் மாத்துங்க. இந்தப் படியில மட்டும் கை வெச்சுடாதீங்க. பழைய கட்டடம். இதை மாத்த பெர்மிஷன் கெடைக்காது.” அவர் சொன்னதன் பொருள், படியைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்காதே என்பது. சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

அந்த சைட்டுக்குப் பொறுப்பு குணாளன். பெரிய காண்ட்ராக்டரின் ஆள். டைல்ஸ் வேலைக்கு நான் என் ஆட்களோடு போயிருந்தேன். அதில் ஒருவன் அடைக்கலம். அறந்தாங்கிப் பக்கம். சுவரில் டைல்ஸ் ஒட்டுவதில் நல்ல கை. வாயும் அப்படித்தான், சும்மா இருக்காது. இன்னொருவர் ரஃபிக், பங்களாதேஷ்காரர், ஹேக்கிங் மெஷின் பிடிப்பவர்.

மறுநாள் காலை, கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில், வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங். குணாளன் தே ஓ என்கிற பால் இல்லாத டீப் பொட்டலத்தை விரலில் மாட்டிக்கொண்டு நின்றார். “கேட்டுக்கங்க. ஸ்டேர்கேஸைத் தொடாதீங்க. கிளையண்ட் ஆர்டர்.”

அடைக்கலம் கை தூக்கினான். “தொடாம எப்படி சார் மேல போறது? சிறகு குடுப்பீங்களா?”

எல்லாரும் சிரித்தோம். ரஃபிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, “என்ன சொல்றான்? என்ன சொல்றான்?” என்று என்னைக் கேட்டார்.

குணாளனும் சிரித்தார். “ஏறலாம், எறங்கலாம் லா. ஆணி அடிக்காதே, டிரில் போடாதே, சாமானை இடிச்சு பெயிண்டைப் பேக்காதே. அதான்.”

அதான். அவர் வாயால் சொன்ன விளக்கம். அடைக்கலம் கேட்டு வாங்கிய விளக்கம். காது இல்லாதவன் என்று உங்களிடம் சொன்னாரே, அவன்தான் அன்றைக்கு அங்கே காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள். மீட்டிங் முடிந்ததும் குணாளன் அதே படியில் ஏறி மேலே போனார். டைல்ஸ் பெட்டிகளை மேலே எங்கே அடுக்க வேண்டும் என்று காட்டினார். அந்தப் பெட்டிகள் எல்லாம் அந்தப் படி வழியாகத்தான் தோளில் போயின. அப்போது ஏன் யாரும் தொடாதே என்று சொல்லவில்லை?

ஹேக்கிங் கடையின் பின்புறத்திலிருந்து தொடங்கியது. அடைக்கலம் மேலே குளியலறையில். சில நாளில் ரஃபிக் படிக்கட்டுக்குக் கிட்டே வந்துவிட்டார். நான் அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு மண்டி போட்டேன். காத்தோங் தச்சர் செய்த மாதிரி, படிகளைத் தாங்கும் பக்கப் பலகைக்கு அடியில் என் ஸ்கிரேப்பரைச் செருகினேன். வெண்ணெயில் போவது போல் உள்ளே போனது. வெளியே எடுத்தால் நுனியில் மண். கரையான் தின்று முடித்து வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. வெளியே பச்சைப் பெயிண்ட், அதற்கு மேல் இன்னொரு பச்சைப் பெயிண்ட், அவ்வளவுதான் மரம். எப்போதோ யாரோ அந்தப் பலகையின் காலைச் சுற்றிக் கெட்டியாக சிமெண்டு பூசி டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஆடுகிற பல்லை ஈறு பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி அந்தப் பழைய டைல்ஸ்தான் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாம் எடுக்க வேண்டியது அதே டைல்ஸ்.

குணாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன். படிக்கு அடியில் மரங்கள் வைத்து முட்டுக் கொடுத்த பிறகுதான் இந்த இடத்தை உடைக்க முடியும் என்றேன்.

“முட்டுக் குடுத்தா தழும்பு விழும்ணே. கிளையண்ட் தொடாதேன்னு சொல்லியிருக்கார்.”

“பாய் சொன்னது வேற, நீ சொல்றது வேற.”

“எனக்கு என்ன சொன்னாங்களோ அதைத்தான் நான் சொல்றேன்.”

நான் நேராகப் பாயிடம் போனேன். பக்கத்துத் தெருவில் அவருடைய தம்பி கடையில் தற்காலிகமாக வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு அம்மாவுக்குப் புடவையை விரித்துக் காட்டியபடியே என் பேச்சைக் கேட்டார். பாதியிலேயே புடவையைக் கீழே வைத்துவிட்டார். “என்ன தம்பி பேசறீங்க? மாத்தாதீங்கன்னுதானே சொன்னேன். முட்டுக் குடுக்காதேன்னு யார் சொன்னா? தழும்பு விழுந்தா தேச்சுக்கலாம். ஆள் விழுந்தா என்னத்தைத் தேய்க்கிறது?”

திரும்பி வந்து குணாளனிடம் இதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். முகம் கறுத்தது. தன்னைத் தாண்டிப் போய்விட்டேன் என்ற கோபம். “சரி, சரி. மரம் கொண்டாங்க. சீக்கிரம் லா. இன்னிக்கு இந்த இடம் முடியணும்.”

எங்கள் கிடங்கு பூன் லே பக்கம். இருக்கிற மரத்தில் நல்லதாகப் பார்த்து நானே எடுத்து வர வேண்டும், அதனால் லாரியில் நானே கிளம்பினேன். போகும் முன் ரஃபிக்கிடம் சொன்னேன், நான் வரும்வரை இந்த இடத்தில் மெஷின் வைக்காதே. குணாளனிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு மேலே இருந்த அடைக்கலத்திடம் சொன்னேன். “டேய், இந்தப் படி சரியில்ல. முட்டுக் குடுக்க மரம் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் கீழ வராத. நான் வந்துதான் கூப்பிடுவேன்.”

“சாப்பாட்டையாவது மேல அனுப்புவீங்களாண்ணே?”

“வாயை மூடிட்டு வேலையைப் பாருடா.”

அவன் நல்ல காலோடு நின்று என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அந்தச் சாப்பாட்டுக் கேள்விதான்.

நான் மரத்தோடு திரும்பி வந்தபோது லாரியைச் சந்தில் பின்பக்கமாக விட்டு நிறுத்தினோம். நான் பின்னால் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடை வாசல் தெரியும், உள்ளே தரை தெரியாது. பழைய டைல்ஸ் அதே இடத்தில் இருக்கிறது, அது இருக்கும்வரை படி நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். குணாளன் வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அடைக்கலம்! கீழ வா!”

மேலிருந்து அவன் குரல் கேட்டது. “அண்ணன் கூப்பிட்டாத்தான் வரணும்னாரு சார்!”

“அண்ணன்தான் வந்தாச்சு லா! மரம் எறக்கணும், ஆள் பத்தல. வா வா!”

அப்புறம் அந்தச் சத்தம். மரம் முறிகிற சத்தம் இல்லை. உள்ளே மரம் இருந்தால்தானே முறிய? அரிசி மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம். நான் குதித்து உள்ளே ஓடினேன். படிக்கட்டின் கால் இருந்த இடத்தில் டைல்ஸ் இல்லை, சிமெண்டு இல்லை. சுத்தமாகக் கூட்டி வேறு வைத்திருந்தார்கள். கால் நழுவியதும் மேல் முனை உத்தரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு, மொத்தப் படியும் அவன் மேல் விழுந்திருந்தது. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. விரல் இடுக்கில் வெள்ளைப் பூச்சு இன்னும் காயவில்லை.

முட்டுக் கொடுக்கக் கொண்டு வந்த மரத்தை வைத்து நெம்பித்தான் படியைத் தூக்கினோம். எந்த மரத்தை இறக்க அவனைக் கூப்பிட்டார்களோ, அதே மரம்.

அடைக்கலத்துக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே பார்க்க வேண்டாம் என்று அவன் முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னிடம் கேட்டான்: “நீங்கதானேண்ணே வரச் சொன்னீங்க?”

இந்தக் கேள்வியை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள், வாசலில் கூடி நின்ற ஆட்களிடம் குணாளன் பேசிக்கொண்டிருந்தார். “ஸ்டேர்கேஸைத் தொடாதேன்னு நான் சொன்னேனா இல்லையா? எல்லாரும் கேட்டீங்கல்ல?” ஆமா சார் என்றார்கள். பொய் இல்லை. அவர் அப்படிச் சொன்னது நிஜம். எல்லாரும் கேட்டதும் நிஜம். சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பொருளை மட்டும் மாற்றிவிட்டார். பாய் வாயில் அது ‘மாற்றாதே’. மீட்டிங்கில் அது ‘பெயிண்டைப் பேக்காதே’. முட்டுக் கேட்டபோது ‘முட்டு வேண்டாம்’. ஆள் விழுந்த பிறகு ‘ஏறாதே’. சவுகரியமான சொல். யார் எப்போது எடுத்தாலும் அவரவர் கைக்கு ஏற்றபடி வளையும்.

ரஃபிக் சுவரோரம் குந்திக்கொண்டு அழுதார். நான் கேட்கும் முன்பே சொன்னார். “பாஸ் சொல்றான், ஃபினிஷ், ஃபினிஷ். நான் சொன்னேன், அண்ணா நோ சொல்றான். பாஸ் சொல்றான், அண்ணா பாஸ் இல்ல, நான் பாஸ்.”

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் இதை எல்லாம் சொன்னேன். முட்டு இல்லாமல் உடைத்தது தவறு என்று நிறுவனம் பதில் சொல்ல வேண்டி வந்தது. அது நடந்து முடிந்த கதை, அதைக் கிளற இங்கே வரவில்லை. அடைக்கலத்திடம் ஆஸ்பத்திரியில் வைத்து, கூப்பிட்டது நான் இல்லை என்று சொன்னேன். “தெரியும்ணே. அன்னிக்கு மயக்கத்துல கேட்டுட்டேன்” என்றான். தெரிந்து சொன்னானா, என் மனம் நோகக் கூடாது என்று சொன்னானா, தெரியாது. ஊருக்குப் போய்விட்டான். இப்போது அறந்தாங்கியில் ஒரு டைல்ஸ் கடையில் உட்கார்ந்து சாம்பிள் எடுத்துக் காட்டுகிறான். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. அவன் வாயிலிருந்து குணாளனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. என் வாயிலிருந்து அவன் நிறையக் கேட்டிருக்கிறான்.

போன வாரம் அவன் எனக்குப் போன் செய்தான்.

உங்கள் வகுப்பில் அவனுடைய அக்கா மகன் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். அவன் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பம் இல்லை. நீங்கள் சிரித்தபோது அவனும் உங்களோடு சிரித்திருக்கிறான். படத்தில் இருக்கிற படி யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. குணாளன் பெயர் சொல்லவில்லை. மாமா எப்படி அடிபட்டார் என்று வீட்டில் அவனுக்கு விவரமாகச் சொன்னதும் இல்லை. சைட்டில் விழுந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். தங்கியிருக்கும் டோர்முக்குத் திரும்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவுக்கு வீடியோ கால் போட்டு, வகுப்பில் கேட்ட வேடிக்கை என்று சொல்லியிருக்கிறான். ஒருத்தன் மாமா, படியைத் தொடாதேன்னு சொல்லியும் ஏறி, அதையும் உடைச்சு, காலையும் உடைச்சுக்கிட்டான்.

அடைக்கலம் கேட்டிருக்கிறான்: “படி என்ன கலர்டா?”

“பச்சை மாமா. ஏன்?”

“அது நான்தான்டா.”

அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறான்: “அப்போ நீங்க சொன்ன பேச்சு கேக்காமத்தான் விழுந்தீங்களா மாமா?”

அடைக்கலம் என்னிடம் சொன்னான்: “கால் போனது போகட்டும்ணே. அவன் என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டான்ணே. இல்லடான்னு சொன்னேன். நம்புன மாதிரி தெரியல. சார் படத்தோட காட்டுறாரே மாமாங்கிறான். நான் என்னத்தைக் காட்டுறது?”

அதற்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பாடம் எடுக்க மட்டும் இல்லை.

பாடமும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். தொடாதே, பாத்துக்கோ, அட்ஜஸ்ட் பண்ணு, முடிச்சிடு. சைட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த மாதிரிச் சொற்கள்தான் உங்கள் தலையில் விழும். ஒவ்வொன்றையும் மடக்கிக் கேளுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? எல்லார் முன்னாலும் கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். அடைக்கலம் கேட்டானே, கேட்டும் என்ன ஆனது என்று நினைப்பீர்கள். அவன் அன்றைக்கு அந்தக் கேலிக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், குணாளன் “ஏறலாம், எறங்கலாம்” என்று வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார். இன்றைக்கு எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவனைக் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனால் அவன் பெயரைக் காப்பாற்ற மிச்சம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இன்னொன்று. ஆளுக்கு மேலேயோ கீழேயோ ஒரு வேலை நடக்கும்போது, ஒருவன் நிறுத்தச் சொன்னதை இன்னொருவன் தொடங்கச் சொன்னால், மெஷினைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். திட்டுவார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்பார்கள். ரஃபிக்குக்கும் அந்தப் பயம்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இப்போது ஹேக்கிங் மெஷினைத் தொடுவதில்லை. தெம்பனிஸில் ஒரு பேரங்காடியில் தரை கூட்டுகிறார். பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடைக்கலம் எப்படி இருக்கான்?” என்று கேட்கிறார். குணாளன் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

இனி உங்களோடு பேச ஒன்றும் இல்லை. குணாளனோடு பேசுகிறேன். நீங்கள் சாட்சியாக இருங்கள்.

குணா, நான் மேலேயே இரு என்றேன், அவன் இருந்தான். நீ கீழே வா என்றாய். அண்ணன் கூப்பிட்டால்தான் வருவேன் என்று உன்னிடமே சொன்னான். அண்ணன் வந்தாச்சு என்றாய், வந்தான். அன்றைக்கு அந்த சைட்டில் சொன்ன பேச்சு எல்லாவற்றையும் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் பேச்சுக் கேட்காதவன் என்று ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டுகிறாய். எனக்கு நீ போன் செய்ய வேண்டாம். காப்பிக் கடையில் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பவும் வேண்டாம். அனுப்பினாய், திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு வருவேன். கடைசி வரிசையில்தான் இருப்பேன். அடைக்கலத்தின் அக்கா மகனும் அங்கே இருப்பான், எந்த நாற்காலியில் என்று உனக்குத் தெரியாது. அதே படத்தைப் போடு. அதற்குப் பக்கத்தில் நின்று, அதே மைக்கில், அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்: மேலே இருந்தவனைக் கீழே வா என்று கூப்பிட்டது யார்?